கழுவித் தீராத வருத்தம்

இலங்கையின் கிழக்குக் கரையோர ஊரான அக்கரைப்பற்றில் வீடு பெண்ணுடையது. மகள் பிறந்த நாளிலிருந்து அவளுக்கொரு வளவும் வீடும் சேர்ப்பதே வாப்பாவின் கவலை. கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குக் குடிவர வேண்டும். ஏறத்தாழ 1970 முதல் இந்த ஊரை ஆராய்ந்துவந்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே, இங்குள்ள தமிழரும் முஸ்லிம்களும் கைக்கொள்ளும் இந்தத் தாய்வழிக் குடிமுறையைப் பற்றி 2008இல் பெரிய நூலொன்றே வெளியிட்டார். கலியாணமான பெண் இங்கே மாமியார் வீட்டில் அந்நியமாக ஒடுங்கி நிற்பதில்லை. உம்மா அதே வளவில், ராத்தா அடுத்த வளவில், சாச்சி கூப்பிடு தூரத்தில். பேறுகாலம் வந்தால் காயம் இடிக்கவும் வேது பிடிக்கவும் ஆள் தேட வேண்டியதில்லை. தெற்காசியப் பெண்களின் நோயைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக முதலில் குறைசொல்வது புகுந்த வீட்டை. இந்த ஊரில் அந்தச் சாட்டுக்கு இடமில்லை. அப்படியிருந்தும் ஒரு வருத்தத்தை மட்டும் அடுத்த அறையில் இருக்கும் உம்மாவிடம்கூட மகள் சொல்வதில்லை. கீழே எரிகிறது, சொறிகிறது, வெள்ளை படுகிறது, மணக்கிறது என்பவை குளியலறைக் கதவுக்குள் தொடங்கி அங்கேயே, ஒரு வாளித் தண்ணீரோடும் இரண்டு சொட்டு டெட்டோலோடும், அமுக்கப்படுகின்றன.

அமுக்கப்படுவது ஏன் என்று கேட்டால் வெட்கம் என்பார்கள். வெட்கம் பாதி விடைதான். அடியில் கிடப்பது வேறொரு எண்ணம்: யோனியிலிருந்து வரும் எதுவும் அழுக்கு, அங்கே வரும் நோய் அந்த அழுக்கின் விளைவு என்பது. அழுக்கென்று நினைத்தவள் கழுவுகிறாள். கழுவியும் போகாதபோது தன் சுத்தத்தின் மேலேயே சந்தேகம் வந்து மறைக்கிறாள். அது அவளுடைய அழுக்குத்தானே, தனக்குச் சம்பந்தமில்லை என்று புருஷனும் இருந்துவிடுகிறான். இந்த மூன்றுமே நோய்க்கு வசதி செய்து கொடுப்பவை. பொதுவாகக் காணும் யோனி வருத்தங்களைத் தடுக்கப் பெண்கள் இன்னும் சுத்தமாக இருக்க வேண்டும் என்று அறிவுரை சொல்லும் துண்டுப்பிரசுரங்கள் ஏராளம். நம் பகுதிப் பெண்களுக்குச் சுத்தத்தில் குறையில்லை. ஐந்து நேரமும் தண்ணீரோடு புழங்குகிறவர்கள் அவர்கள். குறை இருப்பது சுத்தம் போய்ச் சேரும் இடத்திலும், பரிசோதனைக்குப் பதிலாக ஊகத்தை நம்புவதிலும்.

யோனி தன்னைத் தானே காத்துக்கொள்ளும் உறுப்பு. 1892இல் ஜெர்மனிய மகப்பேற்று மருத்துவர் அல்பேர்ட் டோடர்லைன், ஆரோக்கியமான பெண்களின் யோனிக் கசிவில் கோல் வடிவமான ஒரு பக்டீரியா பெருந்தொகையாக வாழ்வதைக் கண்டு எழுதினார். இன்று லக்டோபசிலஸ் என்று அழைக்கப்படும் அதற்குத் தயிரைப் புளிக்கவைக்கும் பக்டீரியா நெருங்கிய உறவு. ஈஸ்ட்ரஜன் சுரக்கும் வயதில் யோனிச் சுவரின் கலங்களில் கிளைக்கோஜன் என்ற மாச்சத்து சேர்கிறது. அது உடைபடும்போது லக்டோபசிலஸ் அதை லக்டிக் அமிலமாக்குகிறது. அதனால் அங்கே பிஎச் அளவு பொதுவாக 3.8க்கும் 4.5க்கும் இடையில் நிற்கும். அந்தப் புளிப்பில் நோய்க்கிருமிகள் பல தலையெடுப்பதில்லை. குளிக்கும் சவர்க்காரக் கட்டியோ காரத்தன்மை உடையது. அது உள்ளே போனால் புளிப்பை முறிக்கிறது. கிருமிநாசினிக்கு நல்ல கிருமி, கெட்ட கிருமி என்ற பேதம் தெரியாது. காவலாளியையும் சேர்த்தே கொல்கிறது. யோனிக்குள் பீச்சிக் கழுவும் பழக்கத்தைப் பற்றிய பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 1997இல் அமெரிக்கப் பொதுச் சுகாதார சஞ்சிகையொன்றில் வந்த கட்டுரை, அப்படிக் கழுவுகிறவர்களிடம் இடுப்புக்குழி அழற்சி 73 சதவீதமும் கர்ப்பப்பைக்கு வெளியே கரு தங்குவது 76 சதவீதமும் அதிகம் என்று கணித்தது. நோய் ஏற்கெனவே இருப்பதால்தான் அவர்கள் கழுவினார்கள் என்று யாரும் வாதிடலாம், நியாயமான வாதம்தான். ஆனால் கழுவியதால் நோய் குறைந்தது என்று காட்ட அந்த ஆய்வுகளில் எதுவும் இல்லை. நாம் இன்று நிலம் கழுவுகிற லைசோலை 1920கள் தொடங்கி அமெரிக்கப் பெண்களுக்கு உட்கழுவியாக விற்றவர்களும் விளம்பரத்தில் சொன்னது சுத்தம் என்ற ஒரே சொல்லைத்தான்.

மார்க்கம் சுத்தத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறதே, உள்ளே கழுவாமல் கடமையான குளிப்பு எப்படி நிறைவேறும் என்பது நம் ஊரில் நேர்மையாகவே எழும் கேள்வி. இதற்கு விடை மருத்துவப் புத்தகத்தில் தேட வேண்டியதில்லை. இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலானோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி, கடமையான குளிப்பில் தண்ணீர் சேர வேண்டியது பெண் மலசலத்துக்குக் குந்தியிருக்கும்போது வெளியே தெரியும் பகுதிக்கு மட்டும். அதற்கு அப்பால் உள்ளே கழுவுவது கடமையில்லை. யோனியின் இயல்பான ஈரத்தைப் பற்றியும் 13ஆம் நூற்றாண்டு இமாம் நவவி தம் மின்ஹாஜ் நூலில் பேசியிருக்கிறார்: அது நஜீஸ், அதாவது மார்க்கப்படி அசுத்தம், அல்ல என்பதே ஏற்புடைய கருத்து என்று அவர் முடிவுசெய்தார். ஆழத்திலிருந்து வருவதைப் பிற்கால அறிஞர்கள் பிரித்துப் பேசியதுண்டு; அது வெளியானால் உளூ முறியுமா என்பதும் தனிச் சட்டம். ஆனால் அந்த ஈரமே இழிவு, அதைச் சுரண்டிக் கழுவித் துரத்த வேண்டும் என்ற எண்ணத்துக்கு மத்ஹபில் ஆதாரம் கிடையாது. நம் மதரசாக்களில் பல தலைமுறையாக ஓதப்பட்டுவரும் பிக்ஹு நூல்களில் உள்ள சங்கதி இது. கிதாபில் இருப்பது குளியலறைக்கு வந்து சேராமல் இடையில் எங்கே தடைப்பட்டது என்பது ஆலிம்களும் ஆலிமாக்களும் யோசிக்க வேண்டிய விஷயம்.

உம்மம்மா காலத்தில் வேப்பிலை அவித்த தண்ணீரிலும் மஞ்சளிலும் கழுவினார்களே, அவர்களுக்கு என்ன வந்தது என்றும் கேட்பார்கள். என்ன வந்தது என்று அவர்களும் சொல்லவில்லை, யாரும் பரிசோதிக்கவும் இல்லை என்பதே உண்மையான பதில். வேப்பிலைத் தண்ணீர் வெளித்தோலில் பட்டால் பெரும்பாலோருக்குக் கெடுதல் வராது. உள்ளே ஊற்றும்போதுதான் வம்பு. மணம் போட்ட திரவங்கள், பூசும் பவுடர், வாசனைத் துடைப்பான் எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. வெளிப்புறத்தை நாளுக்கு ஒருமுறை இருமுறை வெறும் தண்ணீரில் கையால் கழுவினால் போதும். மலம் கழித்தபின் முன்னிருந்து பின்னாகக் கழுவ வேண்டும். பின்னிருந்து முன்னாக வந்தால் குடலின் கிருமி சலவாய்க்கும் யோனிவாய்க்கும் வந்துசேரும். கழுவியபின் ஒற்றித் துடைத்துவிடுவதும் முக்கியம். கரையோரத்தின் புழுக்கத்தில், அபாயாவுக்குள் இறுக்கமான லெகிங்ஸும் நைலோன் உள்ளாடையும் போட்டு நாள் முழுதும் ஈரத்தோடு இருப்பது பங்கசுக்கு வாய்ப்பானது. பருத்தி உள்ளாடை, ஈரமானால் மாற்றுவது, இரவில் தளர்ந்த உடை: தடுப்பு என்ற பெயரில் வீட்டில் செய்ய வேண்டியது இவ்வளவுதான், செலவும் அதிகமில்லை.

இனி ஊகத்துக்கு வருவோம். வெள்ளைபடுதல் என்று மொத்தமாகச் சொல்வதற்குள் குறைந்தது மூன்று வெவ்வேறு நோய்கள் ஒளிந்திருக்கின்றன. கண்டிடா என்ற பங்கசு வந்தால் சொறிவும் எரிவும் மிகும். கசிவு தயிர்க்கட்டி போலத் திரளும். நாற்றம் பெரும்பாலும் இராது. பக்டீரியல் வஜினோசிஸ் என்பது வெளியிலிருந்து வந்த ஒரு கிருமியின் வேலையன்று. லக்டோபசிலஸ் குறைந்து மற்றப் பக்டீரியாக்கள் பெருகிவிடும் நிலை. அதில் சாம்பல் கலந்த மெல்லிய கசிவும், புணர்ச்சிக்குப் பிறகு தூக்கலாகும் மீன் நாற்றமும் உண்டு, சொறிவு குறைவு. ட்ரைக்கொமோனாஸ் என்ற ஒட்டுண்ணி உடலுறவால் தொற்றுவது. மஞ்சளும் பச்சையுமாக நுரைத்த கசிவு, எரிவு, நாற்றம் எல்லாம் சேர்ந்து வரலாம், எதுவும் வராமலும் இருக்கலாம். புத்தகத்தில் இப்படிப் பிரித்து எழுதுவது சுலபம். உடம்பில் இவை ஒன்றோடொன்று கலந்தும் வரும். அதனால்தான் பஞ்சுக்குச்சியும் கண்ணாடித் தகடும் வேண்டியிருக்கின்றன. யோனிச் சுவரைத் தொட்டு எடுத்த கசிவை உப்புநீர்த் துளியில் கரைத்து நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தால், ட்ரைக்கொமோனாஸ் வாலை அடித்துக்கொண்டு துடித்து ஓடுவது தெரியும். துளி குளிர்ந்துவிட்டால் அசைவு நின்றுபோகும் என்பதால் உடனே பார்க்க வேண்டும். வஜினோசிஸ் என்றால் யோனிக் கலங்களின் மேல் பக்டீரியா மணல் அப்பியதுபோல் ஒட்டிக்கிடக்க, தெளிவாயிருக்க வேண்டிய கல ஓரம் மங்கியிருக்கும். இன்னொரு தகட்டில் பொட்டாசியம் ஐதரொட்சைட்டு ஒரு துளி விட்டதும் மீன் நாற்றம் எழுந்தால் அதுவும் வஜினோசிஸுக்குச் சாட்சி; அதே துளி கலங்களைக் கரைத்து, கண்டிடா இருந்தால் அதன் இழைகளைத் தனியே காட்டிக்கொடுக்கும். எல்லாம் முடியச் சில நிமிடங்கள் போதும்.

அந்தச் சில நிமிடங்களைத் தவிர்த்துவிட்டு நாம் போவது பார்மசிக்கு. போகிறவளும் பெரும்பாலும் தானாகப் போவதில்லை. புருஷனோ தம்பியோ ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போய் வாங்கிவருகிறான். தன் நோயைப் பெண்ணே சரியாக ஊகித்துவிடுவாள், முன்னரும் வந்த நோய்தானே என்பது ஒரு நம்பிக்கை. 2002இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று, பங்கசு மருந்தைத் தாமாகவே கடையில் வாங்கிய 95 பெண்களைப் பரிசோதித்துப் பார்த்தது. அவர்களில் மூன்றிலொரு பங்கினருக்குத்தான் கண்டிடா மட்டும் இருந்தது. மற்றவர்களில் வஜினோசிஸ் உள்ளவர்களும் ட்ரைக்கொமோனாஸ் உள்ளவர்களும் எந்தத் தொற்றும் இல்லாதவர்களும் இருந்தார்கள். படித்த பெண்கள், மருந்துப்பெட்டியில் விளக்கம் எழுதியிருக்கும் நாடு; அங்கேயே நிலை இது. வஜினோசிஸுக்கு ஃப்ளூகோனசோல் குளிசை விழுங்கினால் அதற்குக் காசுதான் நட்டம். கண்டிடாவுக்கு யாரோ கொடுத்த அன்டிபயோட்டிக்கை விழுங்கினால் நட்டம் கூடுதல். லக்டோபசிலஸ் அழிந்து பங்கசு இன்னும் செழிக்கும். வஜினோசிஸுக்கு உரிய மெட்ரோனிடசோலை ஏழு நாள் கொடுத்தால், மூன்றாம் நாள் நாற்றம் போனதும் மிச்சக் குளிசை அலுமாரிக்குள் போய்விடுகிறது, அடுத்த முறைக்கென்று. உலக சுகாதார அமைப்பின் கணக்கில், பிள்ளைபெறும் வயதுப் பெண்களில் 23 முதல் 29 சதவீதத்தினரிடம் வஜினோசிஸ் உண்டு. குறைமாதப் பிரசவத்தோடும் எச்ஐவி தொற்றும் வாய்ப்போடும் அதற்குத் தொடர்பு இருக்கிறது. சும்மா வெள்ளைதானே என்று தள்ளிவிடக்கூடிய எண்ணல்ல.

திரும்பத் திரும்ப வரும் கண்டிடாவுக்கு நம் பகுதியில் முதலில் சந்தேகிக்க வேண்டியது சீனி வருத்தத்தை. 2018, 2019இல் நாடளாவிய ரீதியில் நடந்த ஆய்வில் இலங்கையின் வளர்ந்தோரில் ஏறத்தாழ 23 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. குருதியில் சீனி மிகும்போது பங்கசுக்கும் தீனி மிகும். மூன்று மாதத்துக்கொருமுறை சொறிவு வருகிறது, கிறீம் பூசினால் போகிறது, பிறகும் வருகிறது என்று ஒரு பெண் வந்தால், இன்னொரு கிறீம் எழுதுவதற்கு முன் குருதிச் சீனியைப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே சீனிக்கு மருந்து எடுப்பவர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒன்று உண்டு: டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் வகைக் குளிசைகள் சீனியைச் சலத்தோடு வெளியேற்றிக் குறைப்பவை, அதனாலேயே பிறப்புறுப்பில் பங்கசு வருவது அவற்றின் அறிந்த பக்கவிளைவு. இருதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நன்மை செய்யும் மருந்துகள் என்பதால் தாமாக நிறுத்திவிடக் கூடாது; கிளினிக்கில் சொல்ல வேண்டும். சொல்லாமல் குளிசையை ஓடைக்குள் எறிந்துவிட்டு, சீனி ஏறி ஆஸ்பத்திரியில் படுப்பதைவிட, கீழே சொறிகிறது என்று டொக்டரிடம் ஒரு வரி சொல்வது எளிது. கர்ப்பிணிகளுக்கு ஃப்ளூகோனசோல் விழுங்குவது உகந்ததன்று; உள்ளே வைக்கும் க்ளோட்ரிமசோலே அவர்களுக்குரியது. நோன்பு காலத்தில் இந்த மருந்தை வைப்பதெப்படி என்று தயங்கி முப்பது நாளும் சொறிந்துகொண்டிருப்பவர்கள் உண்டு. பகலில் உள்ளே வைத்தால் நோன்பு முறியும் என்பது ஷாபிஈ நிலை. ஆனால் அந்த மருந்து படுக்கப்போகும்போது வைப்பதுதானே. நோன்பு திறந்தபின் வைத்துக்கொள்ளலாம்.

வெள்ளைபடுதலெல்லாம் நோயும் அல்ல. மாதச் சுழற்சியின் நடுவில் முட்டையின் வெள்ளைக்கரு போல வழுவழுப்பாக வருவது இயல்பு. கர்ப்பத்தில் அதிகமாவது இயல்பு. குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசையாலும் மாறலாம். நிறமும் மணமும் வழக்கத்தினின்று மாறினால், சொறிவோ வலியோ சேர்ந்தால்தான் கவலை. இதை அறியாதவள் இயல்பான ஈரத்தைப் பார்த்தே உருகிப்போவாள். கோவாவில் ஆய்வாளர் விக்ரம் பட்டேலும் சகாக்களும் 18 முதல் 45 வயது வரையான ஏறத்தாழ 2,500 பெண்களிடம் நடத்திய ஆய்வு இங்கே கவனிக்கத்தக்கது. ஆய்வுகூடச் சோதனையில் 28 சதவீதத்தினருக்கு ஏதோவொரு இனப்பெருக்க உறுப்புத் தொற்று இருந்தது. அதில் முதலிடம் வஜினோசிஸுக்கு. ஆனால் வெள்ளைபடுகிறது என்று முறையிட்டவர்களும் தொற்று உள்ளவர்களும் பெரும்பாலும் வேறுவேறு ஆட்கள். அந்த முறைப்பாடு தொற்றைவிட மனச்சோர்வு, பதற்றம், காரணம் புரியாத உடல்நோவு ஆகியவற்றோடுதான் இறுக்கமாகப் பிணைந்திருந்தது. வெள்ளை போவதால் உடம்பு இளைக்கிறது, இடுப்பு ஓய்கிறது, சத்து வடிகிறது என்று நம் பெண்கள் சொல்லும்போது, அதில் பாதி அவர்கள் வேறு வழியில் சொல்ல முடியாத களைப்பு. தொற்று உள்ளவர்களில் பலர் ஒன்றுமே உணராதிருக்க, இல்லாதவர்கள் வருந்திக்கொண்டிருக்கிறார்கள் என்றால், அறிகுறியை மட்டும் வைத்து மருந்து கொடுப்பது இரண்டு பக்கமும் பிழையாகும்.

பரிசோதனைக்குப் போகச் சொல்வது லேசு, யாரிடம் போவது என்பதே நம் ஊர் எடுத்துவைக்கும் அடுத்த தடை. ஆண் டொக்டர், ஆஸ்பத்திரி வரிசையில் அறிந்த முகங்கள், ஊர் சின்னது, செய்தி வேகமானது. இது சாட்டல்ல, உண்மையான தடை. 1989இல் மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் ராணி பங், அபய் பங் தம்பதியினர் இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்து லான்செட்டில் எழுதினார்கள்: 92 சதவீதத்தினரிடம் ஏதோவொரு பெண்ணோய் இருந்தது, அதற்கு முன் தம் வாழ்நாளில் அப்படியொரு பரிசோதனைக்குப் போயிருந்தவர்கள் 8 சதவீதம். அங்கே போக இடமே இருக்கவில்லை. நமக்கு அப்படியில்லை. அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்துக்கென்று கல்முனையில் தனியான பிராந்திய சுகாதாரப் பணிமனை இருக்கிறது. அக்கரைப்பற்றில் ஆதார வைத்தியசாலை, கல்முனையில் வடக்கு ஆதார வைத்தியசாலை, அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை என்று விஓஜி எனப்படும் மகப்பேற்று, பெண்ணோய் விசேட டொக்டர்கள் உள்ள இடங்கள் எட்டும் தூரத்தில். அவற்றுக்கெல்லாம் முன்னால், வீட்டுப் படலையைத் திறந்து வருகிற மிட்வைஃப் மிஸ் இருக்கிறார். கர்ப்பிணியின் நிறையையும் பிள்ளையின் வளர்ச்சியையும் கேட்டுப் பதிகிற அவரிடம் இதையும் கேட்கலாம். சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகங்களில் 1996 முதல் நடந்துவரும் சுகவனிதையர் கிளினிக், பலர் வாயில் வெல் வுமன் கிளினிக், இதற்கென்றே உள்ளது. அங்கே பரிசோதிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அரசின் பாலியல் நோய்க் கிளினிக்குகளுக்கு யாருடைய கடிதமும் தேவையில்லை, காசும் இல்லை, விவரம் வெளியே போவதுமில்லை. அதற்கும் கூசுகிறவர்களுக்கு இன்னொரு வழி வளர்ந்துவருகிறது: பஞ்சுக்குச்சியால் பெண்ணே தனியறையில் மாதிரி எடுத்துக் கொடுப்பது. கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குக் காரணமான எச்பிவி பரிசோதனைக்கு இதை உலக சுகாதார அமைப்பு 2021இல் ஏற்றுப் பரிந்துரைத்தது. வெட்கத்தைக் குறைசொல்லிக்கொண்டிராமல் வெட்கத்துக்கு இடம்கொடுத்து வசதி செய்வது என்றால் இதுதான். நம் பிராந்தியம் இதை வலியுறுத்திக் கேட்க வேண்டும்.

ஆண்களின் பங்கு பற்றி எழுதினால் பத்திரிகையை மடித்துவைத்துவிடுவார்கள் என்று அஞ்சி, பெரும்பாலான சுகாதாரக் கட்டுரைகள் அதைக் கடைசி வரியில் முணுமுணுத்துவிட்டுப் போகும். ட்ரைக்கொமோனாஸ் விஷயத்தில் முணுமுணுக்க எதுவுமில்லை. 2020இல் மட்டும் உலகில் 15 கோடியே 60 லட்சம் பேருக்குப் புதிதாகத் தொற்றியது என்பது உலக சுகாதார அமைப்பின் மதிப்பீடு. ஆண்களிடம் பெரும்பாலும் அறிகுறியே காட்டாது. மனைவிக்கு மட்டும் மருந்து கொடுத்தால், அவள் குணமாகி மறுவாரமே அதே கிருமியைத் திரும்பப் பெறலாம். இருவரும் ஒரே நேரத்தில் மருந்தெடுத்து, அது முடியும்வரை விலகியிருக்க வேண்டும். யார் கொண்டுவந்தது என்ற விசாரணையை இதில் தொடங்காதிருப்பது நல்லது. மாதக்கணக்கில், சிலவேளை அதற்கும் மேலாக, யாருக்கும் தெரியாமல் உடம்பில் தங்கக்கூடிய கிருமி இது. விவாகத்தை முறிக்க இது சாட்சியாகாது. வஜினோசிஸில் ஆணுக்கு மருந்து தேவையில்லை என்பதே அண்மைவரை இருந்த கொள்கை. 2025 மார்ச்சில் நியூ இங்கிலாந்து மருத்துவ சஞ்சிகையில் வந்த அவுஸ்திரேலிய ஆய்வு அதை அசைத்துவிட்டது. 164 தம்பதிகளில் ஒரு பாதியில் பெண்ணுக்கு மட்டும் சிகிச்சை. மறுபாதியில் ஆணுக்கும் ஏழு நாள் குளிசையும் ஆணுறுப்பில் பூசக் கிறீமும். பன்னிரண்டு வாரத்துக்குள் நோய் திரும்பியது முதல் பாதியில் 63 சதவீதத்தினருக்கு, மறுபாதியில் 35 சதவீதத்தினருக்கு. வித்தியாசம் அவ்வளவு பெரிதாக இருந்ததால் ஆய்வை இடையிலேயே நிறுத்தினார்கள்.

இந்த இடத்தில் நம் ஆண்களுக்கு ஒரு மறுப்பு கையில் தயாராயிருக்கும்: அந்த அவுஸ்திரேலியர்களில் பெரும்பாலோர் சுன்னத் செய்யாதவர்கள், நாங்கள் அப்படியா? மறுப்பில் உண்மை உண்டு. உகண்டாவின் ரக்காயில் நடந்து 2009இல் வெளியான ஆய்வில், விருத்தசேதனம் செய்த ஆண்களின் மனைவியரிடம் வஜினோசிஸ் 40 சதவீதம் குறைவாகவும் ட்ரைக்கொமோனாஸ் ஏறக்குறையப் பாதியாகவும் காணப்பட்டன. ஆகவே நம் பெண்களுக்கு ஒரு பாதுகாப்பு ஏற்கெனவே இருக்கிறது என்று தாராளமாகச் சொல்லலாம். ஆனால் 40 சதவீதம் குறைந்தால் 60 சதவீதம் மிச்சமிருக்கிறது. பக்டீரியா முன்தோலில் மட்டும் தங்குவதுமில்லை, சலக்குழாயிலும் தங்கும். மனைவிக்கு மூன்றாம் முறை, நான்காம் முறை திரும்பும்போது, சுன்னத்தைச் சாட்டிக் கணவன் வாசலில் மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்திருக்காமல் டொக்டரின் அறைக்குள் வர வேண்டும். மருந்து தேவையா இல்லையா என்று டொக்டர் முடிவுசெய்யட்டும். கண்டிடாவுக்கு, ஆணுக்கு எரிவோ சிவப்போ இல்லாவிட்டால், பொதுவாகத் தேவைப்படாது.

மாதச் சுகயீனத் துணியையும் மறைத்தலின் இதே சங்கிலியில் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒடிசாவில் இரண்டு ஆஸ்பத்திரிகளுக்கு வந்த 486 பெண்களைக் கொண்டு 2015இல் வெளியான ஆய்வு, திரும்பத் துவைத்துப் பாவிக்கும் துணியையும் யோனி, சலத் தொற்றுகளையும் தொடர்புபடுத்தியது. துணியே குற்றவாளி என்று அவசரப்பட வேண்டியதில்லை. பிறகு அங்கேயே நடந்த இன்னொரு ஆய்வில், துணியை வீட்டுக்குள் காயவைத்தவர்களிடம் கண்டிடா அதிகம் தென்பட்டது. பிழை துணியில் இல்லை, கதவுக்குப் பின்னாலும் பாயின் கீழும் மறைத்து உலர்த்துவதில். இங்கே வெயிலுக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் துணியைப் போட இடத்துக்கு. சவர்க்காரம் போட்டுத் துவைத்து, கொடியில் மற்றத் துணிகளுக்கு இடையிலாவது நேர் வெயிலில் காயப் போட்டால் துணி நல்லதே. பேட்தான் நல்லது என்று சொல்கிறவர்கள் விலையையும் பார்க்க வேண்டும். 2018 செப்டெம்பர் வரை இறக்குமதிப் பேட்டின் மேல் இந்த நாடு போட்டிருந்த வரிகளின் கூட்டு 101.2 சதவீதம். பொருளைவிட வரி பெரிது. அதன் பிறகு குறைத்தார்கள், ஒரே தடவையில் அல்ல. எதைப் பாவித்தாலும் நாலைந்து மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. பாடசாலையில் பூட்டும் தண்ணீரும் உள்ள கழிவறை இல்லாவிட்டால் அது நடக்காது.

இப்படியெல்லாம் ஒரு வார இதழின் அட்டையில் போட்டுப் பேசலாமா, குடும்பத்துக்குள் போகிற பத்திரிகையல்லவா என்று கேட்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது: நபிகளாரிடம் நேரில் போய், மாதவிலக்குக்குப் பிறகு குளிப்பது எப்படி என்று கேட்டவர் ஒரு பெண். அதை அறிவித்த ஆயிஷா நாயகி, மார்க்கத்தை விளங்கிக்கொள்ள மதீனாவின் அன்சாரிப் பெண்களுக்கு வெட்கம் தடையாகவில்லை என்று அவர்களைப் பாராட்டியதும் ஹதீஸ் கிரந்தங்களில் உண்டு. மதீனாவில் கேட்க முடிந்ததை நம் மருதமுனையில் கேட்கக்கூடாது என்றால், அந்த வெட்கம் வேறெங்கிருந்தோ வந்தது.

பேசாமலிருப்பதன் விலை மிக அதிகமாவது கர்ப்பப்பைக் கழுத்தில். அங்கே புற்றுநோய் தொடங்கும்போது வலியும் இல்லை, நாற்றமும் இல்லை. எச்பிவிக்கும் சுத்தத்துக்கும் சம்பந்தமில்லை. எவ்வளவு கழுவினாலும் அது போகாது. 2017 முதல் 6ஆம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலையிலேயே அதற்கான தடுப்பூசி இரண்டு தவணையாக இலவசமாகப் போடப்படுகிறது. ஒப்புதல் கடிதம் வீட்டுக்கு வரும்போது வாப்பா தயங்காமல் ஒப்பமிட வேண்டும். தடுப்பூசிக் காலத்துக்கு முன் வளர்ந்த உம்மாமாருக்கு 35 வயதிலும் 45 வயதிலும் சுகவனிதையர் கிளினிக்கில் பரிசோதனை இருக்கிறது. எனக்கு ஒன்றுமில்லையே, எதற்குப் போக என்பவர்களுக்காகவே அந்த வயதுக் கணக்கு. ஒன்றும் தெரியாத நேரத்தில் பார்ப்பதற்குத்தான் அது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஈஸ்ட்ரஜன் குறைந்து யோனி வறண்டு, உறவில் நோவும் அடிக்கடி சலக்கடுப்பும் வருவது பொதுவானது. பூசும் ஈஸ்ட்ரஜன் கிறீமால் பலருக்குத் தீரும், டொக்டரிடம் கேட்டால் எழுதித் தருவார். ஆனால் மாதவிடாய் நின்று ஒரு வருடம் கழிந்தபின் ஒரு துளி இரத்தம் பட்டாலும், உறவுக்குப் பிறகு இரத்தம் கண்டாலும், கசிவில் இரத்தம் கலந்து துர்நாற்றம் வந்தாலும், காய்ச்சலோடு அடிவயிறு குத்தினாலும், கர்ப்பிணிக்குத் தண்ணீர்போல ஓடினாலும், கிளினிக் நாள் எது என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.